உங்களுக்குத் தேவைப்படாது

தாய்ப்பால் பம்பை எப்போது வாங்குவது என்பதில், மிதுலாவைச் சுற்றியிருந்த மூன்று பெண்களுக்கும் மூன்று கருத்து இருந்தது.

"பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டுத் துணி கூட வாங்கப்படாது அம்மிணி" என்றாள் அம்மா. "பொறக்கட்டும், மொகத்தப் பாக்கட்டும். கடை எங்கயும் ஓடிப் போயிராது."

"பொறந்தாலும் மொத நாப்பது நாளைக்கு அதத் தொடாத" என்றாள் தமயந்தி. மிதுலாவோடு அதே டிப்போவில் மெட்ரோ ரயில் ஓட்டுகிறவள், இரண்டு பிள்ளை பெற்றவள். "பால் நல்லா ஊறட்டும். புள்ள புடிச்சுக் குடிச்சுப் பழகட்டும். வேலைக்கு வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி வாங்குனாப் போதும்."

கணவனின் அக்கா கோகிலா இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏழாம் மாசமே வாங்கி வெச்சுக்கோ. பெத்த ஒடம்போட உக்காந்து எந்தக் குழாய எதுல சொருகறதுன்னு படிச்சுட்டு இருக்க முடியாது. நான் பட்டுட்டுச் சொல்றேன்."

கோயம்புத்தூரில் பிறந்து, மோட்டார் பம்பு கம்பெனிக்காரனையும் கட்டிக்கொண்டவளுக்கு ஒரு பம்பு வாங்க இத்தனை யோசனையா என்று கணவன் லோகித் சிரித்தான். மிதுலாவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு யோசனை இருந்தது. ஆறு மாத விடுப்பு முடிந்தால் உக்கடத்துக்கும் நீலாம்பூருக்குமாக ரயில் ஓட்டப் போயாக வேண்டும். ஓட்டுநர் அறையில் ஏறினால் பாதி ஷிப்டு முடியும் வரை இறங்க முடியாது. குழந்தைக்குப் பால் வேண்டுமென்றால் அவள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

யோசனைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதற்கு முன்னால் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அப்போது ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த சின்னச் சின்னச் சட்டைகளை யாருக்கும் தெரியாமல் ஒரு பையில் போட்டு அவளேதான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அம்மா சொல்வதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் பயம் இருந்தது. வளைகாப்பு நல்லபடியாக முடிந்த பிறகு, கைநிறைய வளையல் குலுங்குகிற தைரியத்தில், இனி வாங்கலாம் என்று அவளே முடிவு செய்தாள்.

காந்திபுரத்துக் கடைக்குத் தனியாகத்தான் போனாள். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பம்பு உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் இருந்தது, கூழாங்கல் போல வழவழப்பாக. விற்பனைப் பெண் சின்னவள். பேசிக்கொண்டே மிதுலாவின் கையை வாங்கி அவளுக்கு விற்கலாமா என்று பார்க்க மேசையில் இருந்த கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தாள். தகட்டில் எழுத்து வந்தது.

உங்களுக்குத் தேவைப்படாது.

அந்தப் பெண், கையைத் துடைத்து மறுபடியும் வைக்கச் சொன்னாள். அதே எழுத்து வந்தது.

"வேற ஒரு நாள் வந்து பாருங்கக்கா" என்றாள். "சில சமயம் மாறும்." சொல்லும்போது அவள் மிதுலாவின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தாள். பின்னால் நின்றிருந்த, வயிறு இன்னும் சரியாகத் தெரியாத ஒருத்திக்கு உடனே தேவைப்படும் என்று வந்தது. அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு மிதுலாவைத் தாண்டிப் போனாள்.

மிதுலா கடைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். பேருந்துகள் வந்தன, போயின. லோகித்தின் அம்மாவை நினைத்துக்கொண்டாள். மாமியாருக்குக் காது மந்தமாகி, கேட்கும் கருவி வாங்கப் போனபோது இதே எழுத்துதான் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். காது அவ்வளவு மோசமில்லை போல என்று பேசிக்கொண்டார்கள். மாமியார் அந்தத் தீபாவளியைப் பார்க்கவில்லை. மாரடைப்பு.

கோகிலா வேலை பார்ப்பது அந்தத் தகட்டு எழுத்துகளை அனுப்பும் முன்னறி அலுவலகத்தில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிதுலா அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"அந்த முன்னறி எப்படிங்கக்கா வேல செய்யுது?"

கோகிலாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. லோகித் சொல்லியிருக்க வேண்டும்.

"நீ ஸ்கூல் படிக்கறப்ப எல்லார் வீட்டுப் பரண்லயும் ஒரு பம்பு கெடந்துச்சு மிதுலா. நாலு நாள் போட்டுட்டு மூட்ட கட்டி வெச்சது. பம்பு மட்டுமில்ல, மூச்சுக் கருவி, மோட்டார் தொட்டில், காதுல வெக்கறது எல்லாம். ஊரே குப்ப மேடாப் போனப்பதான் வீண்பொருள் சட்டம் வந்துச்சு. மோட்டாரு, பேட்டரி இருக்கற சாமான யாருக்கு உபயோகமாகுமோ அவங்களுக்கு மட்டும் விக்கணும். அதக் கணக்குப் போட்டுச் சொல்றதுதான் முன்னறி."

"எனக்கு உபயோகமாகாதுன்னு அதுக்கு எப்படிங்கக்கா தெரியும்?"

"தெரியாது. கணக்குத்தான். ஊர்ல யாரு என்ன வாங்கறாங்க, எந்த ஆஸ்பத்திரில என்ன டெஸ்ட் எடுத்தாங்க, எந்தக் கம்பெனி எதுக்கு ஆர்டர் போட்டிருக்கு, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கும். கடைசில ஆமா, இல்ல, அவ்வளவுதான் வெளிய வரும். ஏன்னு கேட்டா அதுக்கே சொல்லத் தெரியாது. எங்களுக்கும் பிரிச்சுப் பாக்க முடியாது."

"எவ்வளவு தப்பு வரும்?"

கோகிலா தன் தட்டைப் பார்த்தாள். "நூத்துக்கு ரெண்டு, மூணு."

"தேவைப்படாதுன்னு வந்தவங்களுக்கெல்லாம் அப்புறம் என்ன ஆச்சு?"

"பல காரணம் இருக்கும். சில பேருக்குப் பால் சுரக்காது. சில பேரு வேலைய விட்டுட்டு வீட்டோட இருந்துருவாங்க. அதுகளுக்கு எதுக்குப் பம்பு?"

"அப்புறம்?"

"ரசம் ஊத்தட்டுமா" என்றாள் கோகிலா.

அன்றிலிருந்துதான் அது ஆரம்பித்தது. அதுவரை மிதுலா தன் உடம்பை நம்பினவள். பெரிய வண்டியை இரு கையால் ஓட்டுகிறவளுக்கு அந்த நிதானம் இருந்தது. இப்போது கண்ணில் பட்ட கடையிலெல்லாம் ஏறினாள். பம்பை விட்டுவிட்டு மோட்டார் தொட்டிலுக்குக் கை வைத்துப் பார்த்தாள். தேவைப்படாது. கோகிலாவின் பிள்ளைகள் படுத்த தொட்டில் வீட்டில் தயாராக இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றவில்லை. காரில் மாட்டும் குழந்தை இருக்கைக்கும் அப்படியே வந்தது. அவர்களிடம் கார் இல்லை என்பது நினைவில்லாமல், அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சட்டை துணிமணிக்குச் சட்டம் கிடையாது. யாருக்கும் எவ்வளவும் விற்பார்கள். அதனால் அவற்றைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் கிடைக்கிற பொருளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

லோகித் முதலில் பொறுமையாகச் சொன்னான், பிறகு கெஞ்சினான், ஒருநாள் கோபப்பட்டான்.

"அது கடைக்காரன் மெஷின் மிது. சரக்கு மிச்சம் புடிக்கறதுக்கு வெச்சிருக்கறது. அதப் போய்க் கோயில் பூசாரியாட்டம் கேட்டுட்டு இருக்கற."

"அத்தைக்கும் அந்தக் கடைக்காரன் மெஷின்தான மாமா சொல்லுச்சு."

அதன் பிறகு அவனும் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். புரண்டு படுக்கிறபோதெல்லாம் அவன் கை அவள் வயிற்றின் மேல் வந்து விழுந்து, அசைவு தெரிகிற வரைக்கும் அங்கேயே இருந்தது.

முன்னறி மறுத்த பெண்கள் சிலர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழு ஒன்று இருந்தது. அதில் யாரோ பியூலா என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னார்கள். அவளிடம் பிரிக்காத பம்பு ஒன்று இருக்கிறது, கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவாள். சிங்காநல்லூரில் வீடு. மிதுலா பேருந்து பிடித்துப் போனாள்.

பியூலாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். நூலகத்தில் வேலை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்தாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுத்து மிதுலாவின் முன்னால் வைத்தாள். சுற்றியிருந்த தாள் கூடக் கிழியவில்லை.

"எனக்கு ஆமான்னுதான் வந்துச்சு" என்றாள் பியூலா. "மொத தடவையே. எங்க வீட்டுக்காரரு பந்தயம் ஜெயிச்சவராட்டம் குதிச்சாரு. ஒம்பதாம் மாசம் வரைக்கும் ஒரு கொறையுமில்ல. பிரசவத்தன்னைக்குக் கொடி சுத்திக்கிச்சு. போயிட்டான்."

மிதுலா பெட்டியைத் தொடவில்லை.

"ஆனா பால் வந்துச்சுங்க. அதுக்குத் தெரியாதில்ல, புள்ள இல்லன்னு. நெஞ்செல்லாம் கல்லாட்டம் கட்டிக்கிட்டு நாலு நாள் காய்ச்சல். நர்ஸ் சொன்னாங்க, பம்பு வெச்சு எடுத்து விட்ருங்கன்னு. எனக்கு மனசு வரல. அதனால பாத்தா, தேவைப்படும்னு அது சொன்னது சரிதான். பிரிக்காதது நான்தான்."

பியூலா அவள் கையைப் பிடித்தாள்.

"இத நான் நெறையப் பேருகிட்டச் சொல்லியிருக்கேன். யாரும் கேக்கறதில்ல. நீங்களாவது கேளுங்க. அது பம்பப் பத்தித்தான் சொல்லுது. புள்ளையப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. நாமளாத்தான் புள்ளைய அதுல கொண்டுபோய் வெச்சுப் பாக்கறோம்."

நல்ல வார்த்தை. கேட்டிருக்க வேண்டிய வார்த்தை. ஆனால் மிதுலாவின் காதில் போயிட்டான் என்ற ஒரு சொல்தான் விழுந்திருந்தது. ஆமென்று வந்தவளுக்கே இந்தக் கதி என்றால், இல்லை என்று வந்தவளுக்கு என்ன மிச்சம்? பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை வந்தது பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் ஃபர்ஹானா ஒவ்வொரு முறையும் ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். இதயம் துடித்தது. தண்ணீர் போதுமான அளவு இருந்தது. எடை சரியாக இருந்தது.

"எல்லாம் நல்லாத்தான இருக்கு? எதுக்கு இப்படி ஒடஞ்சு போறீங்க?"

"நல்லா இருந்தா ஏன் டாக்டர் வேண்டாம்னு வருது?"

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பி மறுபடியும் பார்த்தார். முன்னறிக்குத் தெரிந்தது தங்களுக்குத் தெரியவில்லையோ என்ற சந்தேகம் அந்த ஊரில் டாக்டர்களுக்கே வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

"எடுத்துருங்க டாக்டர்" என்றாள் மிதுலா. "உசுரோட இருக்கறப்பவே எடுத்துருங்க."

"முப்பத்து மூணு வாரந்தான் ஆகுது. மூச்சுப்பை இன்னும் பழுக்கல. அது இருக்க வேண்டிய எடம் அதுதாம்மா. ஒரு காரணமும் இல்லாம நான் கத்தி வெக்க முடியாது."

ஒரு காரணம் வேண்டும் என்பது அவள் மனதில் தங்கிவிட்டது.

அடுத்த புதன்கிழமை காலை. லோகித் வேலைக்குக் கிளம்பி, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தான். மிதுலா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். எழுந்ததிலிருந்து அப்படித்தான் இருந்தாள். எதையும் குடிக்கவில்லை. ஒரு அசைவு வந்தது போலிருந்தது. அது குழந்தையா, தன் நாடித் துடிப்பா, பசியில் குடல் புரள்வதா என்று பிரித்துச் சொல்ல அவளுக்கு இப்போது தெரியவில்லை. இத்தனை நாள் உற்றுக் கேட்டுக் கேட்டு, கேட்கிற சக்தியே தேய்ந்துவிட்டது.

"மாமா" என்றாள். "அசையல."

அவன் டப்பாவை வைத்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தான். பல இரவு தூங்காத அந்தக் கைக்கு எதுவும் பிடிபடவில்லை.

"எப்ப இருந்து?"

"நேத்துல இருந்தே" என்றாள்.

அது பொய்யா என்று பிற்பாடு அவள் எத்தனையோ முறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் பொய்யாகத் தோன்றவில்லை. சொன்னதும் அது உண்மையாகிவிட்டது. ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் வயிறு அவளுக்குக் கல்லாகவே இருந்தது.

குழந்தையின் நாடித் துடிப்பைத் தாளில் கோடாக எடுத்தார்கள். டாக்டர் ஃபர்ஹானா அதை நெடுநேரம் பார்த்தார். இதே கோடு வேறொரு பெண்ணுக்கு வந்திருந்தால், சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இடதுபக்கம் சாய்ந்து படுக்க வைத்து, மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றிருப்பார். லோகித்தைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"இது நல்லாருக்குன்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம். என் மனசுக்குக் காத்திருக்கலாம்னுதான் படுது. ஆனா இவங்களுக்கு முன்னறி வேண்டாம்னு சொன்னது பதிவாகி இருக்கு. நான் காத்திருந்து, ஏதாவது ஆயிருச்சுன்னா, தெரிஞ்சும் ஏன் விட்டேன்னு நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. நீங்களும் கேப்பீங்க."

"எடுத்துருங்க டாக்டர்" என்றான் லோகித்.

குழந்தையின் மூச்சுப்பை பழுக்க ஊசி போட்டார்கள். அது முழுதாக வேலை செய்யும் வரை காத்திருக்க அவர்களில் யாருக்கும் துணிவு இல்லை. பிற்பகலில் குழந்தை பிறந்தது. பெண். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் மிதுலாவுக்குத் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக அவள் கடவுளர் அத்தனை பேருக்கும் நன்றி சொன்னாள். அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பிறகு கண்ணாடிப் பெட்டி. மூக்கில் குழாய், வாயில் குழாய், காலில் துடிப்பை அளக்கும் சிவப்பு விளக்கு. மூச்சு இழுக்கிறபோதெல்லாம் மார்புக்கூடு உள்ளே குழிந்து எழுந்தது. தோல் அவ்வளவு மெல்லியது, உள்ளே ஓடுகிற நீல நரம்புகள் தெரிந்தன. மிதுலாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். பெட்டியின் வட்டத் துளை வழியாக ஒரு விரலை மட்டும் நீட்டச் சொன்னார்கள். குழந்தையின் கை அந்த விரலைச் சுற்றவில்லை. சுற்றுகிற அளவுக்கு அதற்குத் தெம்பு இல்லை.

டாக்டர் ஃபர்ஹானா மறுநாள் வந்து கட்டிலோரம் நின்றார். லோகித் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான்.

"நஞ்சுக்கொடி, தண்ணீர்க்குடம் எல்லாம் பாத்தாச்சு" என்றார். "உள்ள எந்தக் கொறையும் இல்ல மிதுலா. நான் பாத்ததுலயே ரொம்ப நல்ல நஞ்சுக்கொடி அது."

அதை அவர் ஆறுதலாகச் சொன்னாரா, வேறெதற்காகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. மிதுலா அதைப் புரிந்துகொள்ள மறுத்தாள். அவர்கள் கண்ணுக்குத் தெரியாத குறை ஏதோ இருந்திருக்கும். அதை முன்னறி பார்த்திருக்கும். குழந்தை தப்பித்துவிட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் குழந்தையின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் சின்னதாக ரத்தக் கசிவு. இது குறைமாதக் குழந்தைகளுக்கு வருவதுதான் என்றார்கள். தானாகவே சரியாகிவிடலாம். நடப்பதற்குத் தாமதமாகலாம். ஒரு கால் கொஞ்சம் பின்தங்கலாம். வளர வளரத்தான் தெரியும்.

அன்று ஒரு நர்ஸ் கையில் ஏதோ எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பம்பு. கடையில் பார்த்த அதே வழவழப்பு, ஆனால் பல பேர் உபயோகித்து மங்கிய ஆஸ்பத்திரிப் பொருள்.

"பாப்பாவுக்கு இன்னும் உறிஞ்சத் தெரியாதுக்கா. மூச்சு விடறதே அதுக்குப் பெரிய வேல. நாமதான் எடுத்துக் குழாய்ல விடணும். வலிச்சாலும் விட்றாதீங்க, இப்ப அதுக்கு மருந்து இதுதான்."

மிதுலா பம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நர்ஸே மேல்துணியை விலக்கிப் பொருத்தி, விசையை அழுத்தினாள். தையல் போட்ட வயிறு ஒவ்வொரு இழுப்புக்கும் சுரீரென்றது. வெகுநேரம் எதுவும் வரவில்லை. கடைசியில் மஞ்சளாக, தேன் போல, குப்பியின் அடியில் ஒரு துளி ஒட்டியது. அதை ஊசிக்குழலில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு நர்ஸ் சிந்திவிடாமல் நடந்தாள்.

யாரும் கேட்காமலே அவள் போனுக்கு முன்னறியின் செய்தி வந்திருந்தது. உங்களுக்குத் தேவைப்படும். அருகிலுள்ள கடையில் இன்றே பெற்றுக்கொள்ளலாம்.

ஆறாம் நாள் தமயந்தி வந்தாள். ஷிப்டு முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தாள். கையில் ஆரஞ்சுப் பழம். கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தவளின் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டே வந்தாள். மிதுலா பம்பு போட்டபடியே அவளை உட்காரச் சொன்னாள். லோகித் குழந்தைகள் வார்டு வாசலில் நின்றிருந்தான்.

"மொகம் உன்னையாட்டவே இருக்கு" என்றாள் தமயந்தி. "தேறிருவா பாரு. எங்க சின்னவனும் இப்படித்தான் எலிக்குஞ்சாட்டம் இருந்தான். இப்பத் திங்கறத நிறுத்தறதில்ல." பிறகு மிதுலாவின் மனதை வேறு பக்கம் திருப்ப டிப்போக் கதைகளைச் சொன்னாள். புது மேலாளர் வந்தது, யாருக்கோ மாற்றல் வந்தது எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கு ஒரு நல்ல சேதி. மாடில பழைய சாமான் ரூம் இருந்துச்சில்ல? இத்தன நாளு பூட்டி வெச்சுத் தட்டிட்டே இருந்தாங்களே. திங்கக்கெழம தெறந்தாங்க. புள்ளைகளப் பாத்துக்கற எடமாக்கி இருக்காங்க. தொட்டிலு, ஆயாம்மா, நர்ஸு, எல்லாம் இருக்கு. கைக்கொழந்தக்காரிகளுக்கு ஷிப்டையே மாத்திட்டாங்க. ரெண்டு ட்ரிப்புக்கு ஒருக்கா எறங்கி வந்து பால் குடுத்துட்டுப் போலாம். இனி உனக்குப் பாட்டிலும் வேண்டாம், இந்தச் சனியன் புடிச்ச பம்பும் வேண்டாம். புள்ளையக் கையோட கூட்டிட்டு வந்துரு."

பம்பு இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

"எப்ப முடிவு பண்ணுனாங்களாம்?" என்று கேட்டாள் மிதுலா.

"அது ஆனி மாசமே ஆயிருச்சாம். அப்பவே தொட்டிலு, சாமானெல்லாம் ஆர்டர் போட்டுட்டாங்க. வேல முடியற வரைக்கும் வெளிய சொல்ல வேண்டாம்னு மேல இருந்து உத்தரவாம்."

ஆனி. வளைகாப்புக்கு முன்னால்.

"நம்ம டிப்போ ஷோபனா இல்ல, அவளும் மாசமா இருக்காளே. அவ பம்பு வாங்கப் போனப்ப வேண்டாம்னு வந்துச்சாம். இப்பத்தான் சொல்றா. போச்சாது போன்னு விட்டுட்டு வந்துட்டேங்கறா. அவளுக்கு எதுக்கும் வெசனம் கெடையாது, உனக்குத் தெரியுமே." தமயந்தி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன மிதுலா? வலிக்குதா? நர்ஸக் கூப்புடட்டுமா?"

"இல்ல" என்றாள் மிதுலா. "தையல் இழுக்குது. அவ்வளவுதான்."

பியூலாவின் குரல் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது, வார்த்தை வார்த்தையாக. நிறைமாதத்தில் பிறந்து, மூச்சு முட்ட அழுது, மார்பைக் கவ்விப் பிடித்து, வயிறு நிறையக் குடித்திருக்கும் ஒரு பெண் குழந்தை. டிப்போ மாடியில், ரயில் வந்து நிற்கிற அதிர்வில் தூங்கியிருக்கும் குழந்தை. முன்னறி பார்த்தது அந்தக் குழந்தையைத்தான். அவளுக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது.

மிதுலா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தமயந்தி அதை அசதி என்று நினைத்துக்கொண்டு, தலையைத் தடவிவிட்டு, படுத்துக்கோ கண்ணு என்று சொல்லிவிட்டுப் பழத்தை மேசையில் வைத்துக் கிளம்பினாள்.

கொஞ்ச நேரத்தில் லோகித் வந்தான். ஒரு வாரமாக மழிக்காத தாடி. கண்கள் உள்ளே போயிருந்தன. ஆனால் முகத்தில் என்னவோ தெளிந்திருந்தது.

"மூச்சுக் குழாய்ல காத்தக் கொறச்சிருக்காங்க மிது. அவளாவே கொஞ்சம் இழுக்கறாளாம்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தமயந்தியக்கா என்ன சொன்னாங்க?"

"சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தாங்க."

அவன் அவள் புறங்கையில், ஊசி குத்திக் கன்றியிருந்த இடத்தை மெதுவாகத் தடவினான்.

"நான் உன்ன ரொம்பத் திட்டிட்டேன்" என்றான். "கடைக்காரன் மெஷினுன்னு சொன்னேன். அங்க கண்ணாடிகிட்ட நின்னுட்டு இதத்தான் யோசிச்சுட்டு இருந்தேன். அது மட்டும் சொல்லாம இருந்திருந்தா, நீயும் அன்னைக்கு என்னக் கூப்புடாம இருந்திருந்தா, நம்ம புள்ள நமக்குக் கெடச்சிருக்க மாட்டா. இல்ல மிது?"

அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக அவனைத் தாங்கி நிறுத்தியிருந்தது அந்த ஒரு நினைப்புதான் என்பது அவளுக்குத் தெரிந்தது. இன்னும் எத்தனை வருஷத்துக்கு அது அவனைத் தாங்க வேண்டியிருக்குமோ. ஒரு கால் பின்தங்கினால், நடை தாமதமானால், ஒவ்வொன்றுக்கும் அது வேண்டும்.

"ஆமாங்க மாமா" என்றாள்.

பம்பை நிறுத்தினாள். குப்பியில் இன்று ஒரு ஸ்பூன் அளவு சேர்ந்திருந்தது. மூடியைத் திருகி, தன் உள்ளங்கைச் சூடு அதில் படும்படி ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"பால் ஆறிரும். கொண்டுபோய்க் குடுங்க."

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான்.